பாம்பன் கரையில் பழங்கடல்: மதுரையிலிருந்து முதல்முறை புதைபடிவம் தேடிப் போகிறவர்களுக்கு

யானைமலை அடிவாரத்தில் கிடைத்தது என்று சொல்லி, பெரணி இலை பதிந்தது போன்ற ஒரு கல்லை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கரிய கோடுகள் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். பார்த்தவுடன் யாருக்கும் இலை என்றுதான் தோன்றும். அது இலை அல்ல. பாறை வெடிப்புக்குள் கசிந்த நீரில் கரைந்திருந்த மாங்கனீசு, கிளைவிட்டுப் படிந்த கறை. இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். ஆர்வம் இருக்கிறது, கூர்ந்து பார்க்கும் கண்ணும் இருக்கிறது. தேடுகிற இடம்தான் தவறு.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகள் எல்லாம் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள். யானைமலை, நாகமலை, அழகர்மலை எதிலும் ஒரு சங்கோ மீனோ பதிந்து மிஞ்சியிருக்க வழியில்லை. ஆனால் இங்கிருந்து பஸ் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில், ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு வளர்ந்த பவளம் இன்று கரையோரச் சுவராக நிற்கும் இடத்துக்குப் போய்விடலாம். மணல் மூடினால் மறையும், அலை அரித்தால் தெரியும். அந்தக் கரையில் எப்படித் தேடுவது என்பதைத்தான் எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அங்கிருந்து ஒரு துண்டைக்கூட நாம் எடுத்துவரப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

வீட்டிலேயே தொடங்குங்கள்

கடற்கரைக்குப் போவதற்கு முன் ஒரு வாரமாவது கண்ணைப் பழக்க வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் காட்டில் சுக்கான் கல் எளிதாகக் கிடைக்கும். மழை நீரில் கரைந்த சுண்ணாம்பு, மண் காயும்போது வேர்களைச் சுற்றியும் வெடிப்புகளிலும் உருண்டு திரண்டு கல்லாவதுதான் சுக்கான். விரல் கணு போலவும் முழங்கால் மூட்டு போலவும் இருக்கும் என்பதால் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். நாலைந்து கல்லைப் பொறுக்கி வந்து ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரிதான் இருக்கும். வளர்ந்ததற்கான அமைப்பு எதுவும் தெரியாது. கறிக்கடை எலும்பு ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதன் உடைந்த முனையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே பஞ்சு போன்ற துளைகள். இந்த வேறுபாட்டைக் கண் ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு மறக்காது.

நாக்கில் ஒட்டினால் எலும்பு என்று சிலர் சொல்வார்கள். சுக்கானும் ஒட்டும், காய்ந்த களிமண்ணும் ஒட்டும். அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். வினிகர் இரண்டு சொட்டு விட்டால் சுக்கான் நுரைக்கும். சிப்பியும் நுரைக்கும், பவளமும் நுரைக்கும். மூன்றும் சுண்ணாம்பு என்பதற்கு மேல் அந்த நுரை ஒன்றும் சொல்வதில்லை. உயிர் கட்டியதா, நீர் படியவைத்ததா என்பதை அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வினிகர்ச் சோதனையை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கரையில் எந்தப் பாறையின் மேலும் ஊற்றக் கூடாது.

இன்னொரு பயிற்சியும் உண்டு. 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் இன்றும் மினுங்கும் பூச்சு, கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவைச் சேர்த்து இழைத்தது என்பார்கள். மகாலுக்குப் போகும்போது அந்தத் தூணை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கடல் உயிர்கள் கட்டிய ஓடு, ஊருக்கு நடுவில், நம் கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. (கை எட்டும் என்பதற்காகச் சுரண்ட வேண்டாம், ஏற்கெனவே நிறையப் பேர் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள்.)

எந்தக் கரை

மண்டபத்தின் வடகரையும், பாலம் தாண்டினால் பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் வழியாக ராமேஸ்வரம் வரையிலான வடகரையும்தான் நம் இடம். நெடுகிலும் தொடர்ச்சியாக இருக்காது, ஆங்காங்கே தெரியும். ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் பிரிக்கப்படும் வரை இந்தக் கரை பழைய மதுரை ஜில்லாவில்தான் இருந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883-இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலை எழுதியபோது இந்தக் கடலோரமும் மதுரைக் கணக்கில்தான் வந்தது. நம் ஊர்க் கடற்கரை என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

மாட்டுத்தாவணியிலிருந்து ராமேஸ்வரம் பஸ். ரயிலும் இருக்கிறது, புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று வழி முழுக்க வைகையும் கூடவே வரும்.

இங்குள்ளவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை, அதாவது இந்த வடகரைக் கடலை, பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முன்னது பெரும்பாலும் அமைதியாக இருக்கும், பின்னது சீறும். புதியவர்கள் பெண் கடல் கரையிலேயே தொடங்குங்கள். ஆனால் அந்தக் கடலும் வாடைக் காலத்தில் முற்றிலும் வேறு முகம் காட்டும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

எப்போது போவது

நான் அதிகம் தவறு செய்து கற்றுக்கொண்டது இந்த விஷயத்தில்தான். முதல் முறை கோடையில் போனேன். வெயில் பொசுக்கியது, கரை முழுக்க வழவழவென்று மணல். நண்பர் ஒருவர் விரிவாகச் சொல்லி அனுப்பிய பவளச் சுவர் எங்கே என்று மூன்று கிலோமீட்டர் நடந்து தேடியும் கிடைக்கவில்லை. அது என் காலடியில்தான் புதைந்திருந்தது.

வாடைக் காற்று வீசும் மாதங்களில், அதாவது ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, வடகரையில் அலை குறுகிய இடைவெளியில் உயர்ந்து அடித்து மணலை அள்ளிக்கொண்டு போகும். அள்ளிய மணல் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் திட்டாகக் கிடக்கும். காற்று தணிந்ததும் சிறிய அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். எனவே தை, மாசி மாதங்கள்தான் தேடுவதற்கு ஏற்றவை: மணல் இன்னும் முழுதாகத் திரும்பியிருக்காது, கடலும் அடங்கியிருக்கும். புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

அடுத்தது வற்று நேரம். பாக் நீரிணையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை சரிவே இல்லாமல் பரந்து கிடப்பதால், நீர் ஒரு முழம் இறங்கினாலும் பல அடி அகலத்துக்குப் பாறை வெளியே வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்று ஆழமாக இருக்கும். அதற்காக ஆடி அமாவாசை, தை அமாவாசை நாளிலேயே போய் நிற்காதீர்கள். அக்னி தீர்த்தத்துக்கு வரும் கூட்டத்தில் பஸ்ஸில் ஏற முடியாது, அறையும் கிடைக்காது. ஒன்றிரண்டு நாள் கழித்துப் போங்கள். வற்று அப்போதும் நன்றாகவே இருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். நாளுக்கு நாள் வற்று நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கைபேசியில் வரும் அட்டவணையைவிட நம்பகமான ஒரு வழி இருக்கிறது. கரையோரக் கிராமங்களில் பாசி எடுக்கப் போகும் அக்காக்களிடம் கேளுங்கள். கண்ணாடியைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நீருக்குள் இருப்பவர்கள் அவர்கள். நாளைக்கு எப்போது வற்றும், எங்கே கால் வைத்தால் வழுக்கும், எந்த இடத்தில் பாறை தெரிகிறது என்பதையெல்லாம் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பழைய கேன்வாஸ் ஷூ அவசியம். ரப்பர் செருப்பு பாறையில் வழுக்கும், பவள விளிம்பு காலைக் கிழிக்கும். தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மென்மையான பெயிண்ட் பிரஷ், நோட்டு, பென்சில், ஒரு பத்து ரூபாய் நாணயம். சுத்தியலும் உளியும் வேண்டவே வேண்டாம். பையில் சுத்தியல் இருந்தால் கை சும்மா இருக்காது.

கரையில் நடப்பது எப்படி

காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் வெளிச்சம் சாய்ந்து விழும். அப்போதுதான் பாறையின் மேடு பள்ளமெல்லாம் நிழலோடு தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளை. சூரியனை எதிரே வைத்து மெதுவாக நடங்கள். முதல் அரைமணி நேரம் எதையும் தேடாதீர்கள். கரையில் மணல் எங்கே திரண்டிருக்கிறது, எங்கே அரிபட்டிருக்கிறது, பாறை எங்கே தலைகாட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு ஓர் ஐம்பது அடி நீளத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குள்ளேயே இருங்கள். மூன்று கிலோமீட்டர் நடக்கிறவர் காணாததை ஐம்பது அடிக்குள் குந்தியிருப்பவர் காண்பார்.

காய வைத்திருக்கும் வலையின் மேல் நடக்காதீர்கள். வலை கட்டிக்கொண்டிருப்பவர்களைக் கடக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

எனக்கு முதலில் கிடைத்ததைச் சொல்கிறேன். முழங்கால் உயரத்துக்கு அரிபட்ட ஒரு சுவர். பழுப்பு மஞ்சள் நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கரடுமுரடான கல். பிரஷால் மணலைத் தள்ளிவிட்டு ஒரு கை கடல்நீரைத் தெளித்தேன். நீர் பட்டதும் கல் இருண்டு, அதற்குள்ளிருந்து அடுக்கடுக்காகக் குளவிக்கூடு போன்ற கண்ணறைகள் எழுந்துவந்தன. ஒவ்வொரு அறையும் உளுந்து அளவு. அறையின் சுவரிலிருந்து நடுப்புறம் நோக்கி மெல்லிய தகடுகள், சக்கரத்தின் ஆரம் போல. ஒவ்வொரு அறையும் ஒரு பவள உயிரியின் வீடு. சில அறைகளில் மணல் இறுகிப்போயிருந்தது, சிலவற்றில் படிகம் வளர்ந்து மினுங்கியது. ஒரு பக்கத்தில் பேரீச்சங்கொட்டை நுழையும் அளவுக்கு வழவழப்பான துளை. அது பவளத்தைக் குடைந்து வாழும் ஒருவகைச் சிப்பி போட்டது. துளைக்குள் அந்தச் சிப்பியின் ஓடும் அப்படியே இருந்தது. வீட்டைக் குடைந்தவரும் வீட்டுக்காரரோடு சேர்ந்து கல்லாகியிருந்தார். நான் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் அதிகம் காணப்போவது மூன்று வகை. குண்டூசி குத்தியது போல நுண்துளைகள் நெருங்கியிருக்கும் உருண்டைத் திரள். தேன்கூடு போலவோ மூளை மடிப்பு போலவோ இருப்பவை. மான்கொம்பு போலக் கிளைத்தவை. பவளங்களுக்கு இடையே சங்கு, சோழி, மட்டி ஓடுகளும் செருகிக் கிடக்கும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பவளத் திரள் வளர்ந்த நிலையிலேயே, மேற்புறம் வானை நோக்கி நிற்கிறதா, தலைகீழாகப் புரண்டு கிடக்கிறதா என்பது. நின்ற நிலையில் இருந்தால் அது வளர்ந்த இடம் அதுவேதான். கடல் ஒருகாலத்தில் அதற்கு மேலே இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். புரண்டு கிடந்தால் புயல் தூக்கி எறிந்ததாக இருக்கலாம்.

வயது எவ்வளவு? ராமேஸ்வரத்தின் இந்த உயர்ந்த பவளப் பாறையிலிருந்து எடுத்த மாதிரிக்குக் கரிமக் கணக்கீட்டில் (மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் முறை) ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் என்று வந்தது. அந்த ஆய்வு 1972-இல் வெளியானது. அன்று கடல்மட்டம் இங்கே இன்றையதைவிடச் சற்று உயரமாக இருந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழமில்லாத இந்தப் பாக் நீரிணை முழுக்கத் தரையாக இருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். பொதுவாக 10,000 ஆண்டைத் தாண்டியதைத்தான் புதைபடிவம் என்று நிபுணர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் நம் பவளம் இன்னும் பாதி வழியில் இருக்கிறது. கல்லாகிக்கொண்டிருப்பதைப் பார்க்கக் கிடைப்பது எனக்கு முழுதாகக் கல்லானதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

கண்ணை ஏமாற்றுபவை

அலையில் ஒதுங்கிய வெள்ளைப் பவளத் துண்டு அண்மையில் செத்தது. எடை குறைவு, விளிம்பு கூர்மை, துளைகள் காலி. பழையதில் துளைகள் அடைபட்டிருக்கும், நிறம் பழுத்திருக்கும்.

கடலை நோக்கிச் சாய்ந்த பலகை பலகையான பாறையில் முழுச் சிப்பிகள் ஒட்டியிருந்தால் உடனே லட்சம் ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள். கரை மணலைச் சுண்ணாம்பு பிணைத்து உருவாவது கடற்கரைப் பாறை. அது விரைவிலேயே இறுகிவிடும். உலகில் பல இடங்களில் அதற்குள் கண்ணாடிப் பாட்டில் துண்டுகூடக் கிடைத்திருக்கிறது.

கல் போலக் கனக்கும் வளைந்த விலா எலும்பு கிடைத்தால், பழங்கால விலங்கு என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அது ஆவுளியாவின் எலும்பாக இருக்கும். கடல்பசு என்று புத்தகத்தில் போடுவார்கள். அதன் விலாவில் மற்ற விலங்குகளைப் போல மஜ்ஜைக் குழி இருக்காது, முழுதும் கெட்டி. அந்தக் கனத்தால்தான் அது நீருக்கடியில் எளிதாக மேய்கிறது. தொடாமல் படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அந்த எலும்பு கிடந்த இடமும் நாளும் அவர்களுக்குப் பயன்படும்.

ஏன் எடுக்கக் கூடாது

பவளம் முழுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பைக்குள் இருக்கும் துண்டு உயிருள்ளதா, செத்ததா, நாலாயிரம் ஆண்டுப் பழையதா என்று சோதனைச் சாவடியில் நின்று வாதாட முடியாது. சில வகைச் சங்கு, சிப்பிகளும் பட்டியலில் உள்ளன. கடையில் விற்கிறார்களே என்பது பதிலாகாது.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் இப்போது நீருக்கடியில். சுண்ணாம்புச் சூளைக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போனதும் மணல் தீவுகளை அலை கரைத்துவிட்டது. தனுஷ்கோடிக்குப் போனால் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தைப் பாருங்கள். அதன் சுவர் பவளக் கல்லில் கட்டியது. கடற்கரைக்கே போக நேரமில்லாதவர்கள்கூட அந்தச் சுவரில் தேன்கூட்டு அறைகளையும் மூளை மடிப்புகளையும் நின்று படிக்கலாம். நினைவுக்காக அதிலிருந்தும் பெயர்த்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க நெஞ்சு பதறுகிறது.

பதிவு செய்வது

எடுத்துவராதவருக்கு நோட்டுதான் பை. ஒவ்வொன்றுக்கும் மூன்று படம்: கரையும் பின்னால் ஒரு மரமோ கட்டடமோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, ஓர் ஆள் நீளத்துக்கு ஒன்று, நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நெருக்கத்தில் ஒன்று. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதை வைத்துப் பின்னால் எதையும் அளந்துகொள்ளலாம். தேதி, நேரம், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, மணல் எந்த மட்டத்தில் இருந்தது என்று உடனே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் பரமக்குடி தாண்டுவதற்குள் பாதி மறந்துவிடும்.

படத்தை வைத்துக்கொண்டு அடையாளம் காண உதவி வேண்டுமென்றால் கல்லூரி நிலவியல், விலங்கியல் துறை ஆசிரியர்களிடம் காட்டுங்கள். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் இயங்கியது இதே மண்டபத்தில்தான். அதன் மண்டல மையம் இன்றும் அங்கே இருக்கிறது.

பல கோடி ஆண்டுப் பழமைதான் வேண்டும் என்பவர்கள் வடக்கே அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போக வேண்டும். காரை கிராமத்து ஓடைகளில் ஒவ்வொரு மழையும் மண்ணை அரித்து, டைனோசர் காலக் கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் உயிரிகளின் படிவங்களை வெளியே கொண்டுவரும். வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போங்கள். அங்கும் எடுக்கக் கூடாது என்பதே என் கட்சி.

மீண்டும் அதே இடத்துக்கு

ஒரே ஒரு முறை போய்விட்டு வந்தால் இந்தக் கரையைப் பார்த்ததாகாது. அதே ஐம்பது அடிக்கு வருடத்தில் மூன்று முறையாவது போங்கள்: வாடை தொடங்கும் முன், வாடை ஓய்ந்ததும், நடுக்கோடையில். அதே மரத்தைப் பின்னணியில் வைத்து அதே இடத்தில் நின்று படம் எடுங்கள்.

அந்தக் குளவிக்கூட்டுப் பவளத்தைத் தை மாதம் நான் பார்த்தபோது சுவர் முழங்கால் உயரம். வைகாசியில் என் அக்கா மகனை அழைத்துக்கொண்டு போனேன். வழி நெடுக அவனிடம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனேன். நோட்டில் குறித்த இடத்தில் நின்றபோது கண்ணுக்கு எட்டிய வரை மணல். அவன் மண்டியிட்டு உள்ளங்கையால் ஒதுக்கினான். ஒரு சாண் ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினான். இரண்டு விரல் அகலத்துக்கு அறைகள் தெரிந்தன. லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தான். பிறகு தானாகவே மணலைத் திரும்பத் தள்ளி மூடிவிட்டு, அடுத்த தைக்கு எந்த நாள் அமாவாசை என்று கேட்டான்.